பழசைக் கிளறாம பயத்தைச் சரி பண்ண முடியாதா?

முடிச்சூர்வாசி | 6 அக்டோபர் 2024, இரவு 10.40

போன டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நான், மனைவி, குழந்தை மூணு பேரும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில ஒரு ராத்திரி, ஒரு பகல் இருந்தோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அப்போ இருந்து மழை பெஞ்சா என் மனைவி தூங்குறதே இல்லை. டிவியில வானிலை செய்தி வந்தா எழுந்து போயிடுறா. போன வாரம் சும்மா தூறலுக்கே வாந்தி எடுத்தா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். விசாரிச்சா, அங்க நடந்ததையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாங்களாம். ஆறுற புண்ணைக் கிளறக் கூடாதுங்கறது என் கருத்து. மறக்கத்தானே வைக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மாடிவீடு | 7 அக்டோபர், காலை 5.50

தம்பி, ஆறுற புண்ணா இருந்தா பத்து மாசத்துல ஆறியிருக்கும். தூறலுக்கு வாந்தி வருதுன்னா உள்ள சீழ் இருக்கு.

நான் 2015 வெள்ளத்துல மாட்டினவ. ஜாபர்கான்பேட்டை, அடையாத்துக் கரையில கீழ்வீடு. டிசம்பர் 1 ராத்திரி. தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 செ.மீ. மழைன்னும், செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்கன்னும் பின்னாடி பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு சத்தம்தான். கரண்ட் இல்லாத இருட்டுல பாத்ரூம் தரையில இருக்கற ஜல்லடை வழியா குளுக், குளுக்னு தண்ணி மேல ஏறின சத்தம். வாசல் வழியா வரும்னு வாசலையே பாத்துட்டு இருந்தோம். அது வீட்டுக்குள்ள இருந்தே வந்துச்சு.

அதுக்கப்புறம் மூணு வருஷம், ஐப்பசி பிறந்தா ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் தரையைத் தொட்டுப் பாப்பேன். அப்போ நாங்க மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடிக்கு வந்தாச்சு. மூணாவது மாடின்னு தெரியும். தெரிஞ்சும் தொட்டுப் பாப்பேன். உங்க மனைவியோட தூறல் எனக்குப் புரியுது. ஸ்கூலுக்குக் கிளம்பணும், மீதியை ராத்திரி எழுதறேன்.

மாடிவீடு | 7 அக்டோபர், இரவு 9.15

உங்க பயத்துல ஒரு பாதி நியாயம் இருக்கு. அதை முதல்ல சொல்லிடணும்.

2016 ஜனவரியில ஒரு இடத்துக்குக் கவுன்சலிங் போனேன். அங்க இருந்தவங்க, உக்காந்த பத்து நிமிஷத்துல, "அன்னைக்கு நடந்ததை முழுசாச் சொல்லுங்க, அழணும்னா அழுதுடுங்க"ன்னாங்க. சொன்னேன், அழுதேன். ஒரு மணி நேரம் ஆனதும் அடுத்த ஆள் காத்திருக்காங்கன்னு அனுப்பிட்டாங்க. கோடம்பாக்கம் பாலத்துக்குக் கீழ நின்னு நடுங்கிட்டு இருந்தேன், பஸ் நம்பர் கூடப் படிக்க முடியலை. அதோட மூணு வருஷம் யார்கிட்டயும் போகலை.

அது கிளறல். ஒரு கேடு நடந்த சூட்டோட ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டச் சொல்றதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னு சொல்லுது. அந்த நேரத்துல சோறு, படுக்கை, சொந்தக்காரங்க எங்கன்னு தகவல், பக்கத்துல ஒரு ஆள், இதுதான் வேணும். தானா பேசினா கேக்கலாம், தோண்டக் கூடாது.

2018 அக்டோபர்ல நான் பாத்த டாக்டரம்மா முதல் ரெண்டு தடவை வெள்ளத்தைப் பத்தி வாயைத் திறக்கவே விடலை. தூக்கம் எப்படி, தைராய்டு பாத்தீங்களா, ரத்தசோகை இருக்கா, வீட்டுல யார் துணை, சாகலாம்னு தோணிருக்கான்னு இதெல்லாம்தான் கேட்டாங்க. தைராய்டு ஏறினாலும் இதே படபடப்பு வருமாம், ரிப்போர்ட் கொண்டுவந்தாத்தான் மேல பேசுவேன்னுட்டாங்க. அப்புறம், அதிர்ச்சிக்குப் பின்னாடி வர்ற கோளாறு எவ்வளவுன்னு அளக்க 20 கேள்வி இருக்கற ஒரு தாள். ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரை மார்க், மொத்தம் 80. முப்பதைத் தாண்டினா கவனிக்கணும்னு பொதுவான கணக்கு. எனக்கு 52.

மாடிவீடு | 9 அக்டோபர், காலை 6.05

ஒரு திருத்தம். டாக்டரம்மான்னு எழுதிட்டேன். அவங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், எம்பிபிஎஸ் இல்லை, மாத்திரை எழுத மாட்டாங்க. மாத்திரை எழுதறவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா உளவியல்ல மேல்படிப்பு முடிச்சு, ஆஸ்பத்திரியோட சேர்ந்த பயிற்சியும் முடிச்சு, இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல (ஆர்சிஐ) பதிவு பண்ணினவங்க. பதிவு எண் இருக்கும். போன்ல அப்பாயின்ட்மென்ட் கேக்கறப்பவே "உங்க ஆர்சிஐ நம்பர் என்ன மேடம்"னு கேளுங்க. கோவப்பட மாட்டாங்க. கோவப்பட்டா வேற இடம் பாருங்க. இன்னைக்கு யார் வேணும்னாலும் மூணு மாச கோர்ஸ் படிச்சுட்டுக் கவுன்சலர்னு போர்டு மாட்டிக்கலாம். எனக்கு இது 2016ல தெரிஞ்சிருந்தா மூணு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

மாடிவீடு | 12 அக்டோபர், மாலை 4.30

இன்னைக்கு லீவு, அதனால உங்க கேள்விக்கே வர்றேன். மறக்க வைக்க முடியாதா?

முடியாது தம்பி. நான் முயற்சி பண்ணினேன். டிசம்பர் மாசம் பேப்பரை நிறுத்தினேன். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவுல ரயில் ஆத்தைத் தாண்டறப்போ கண்ணை மூடிக்குவேன். பாத்ரூம் ஜல்லடை மேல ஈரத்துணியைச் சுருட்டி வெச்சு, அதுக்கு மேல அம்மிக் குழவியை நிறுத்தினேன். வெச்ச நிமிஷம் நெஞ்சு அடங்கும். அந்த அடங்கல்தான் வினை. "துணி வெச்சதாலதான் பொழைச்சே"ன்னு உடம்பு கத்துக்கும். நாளைக்கு ரெண்டு துணி கேக்கும்.

அந்த சைக்காலஜிஸ்ட் மேடம் இதைச் சொன்னப்போ எனக்கு ஏறலை. அப்புறம் அவங்க, "வெள்ளம் வடிஞ்சதும் பட்டுப்புடவையை என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டாங்க. நான் என் கல்யாணக் கூறைப்புடவையைப் பாக்கவே மனசில்லாம, நனைஞ்சது நனைஞ்சபடியே ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு பரண்ல ஏத்திட்டேன். தை மாசம் எடுத்தப்போ பூசணம் பிடிச்சு, மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு வந்துச்சு. எதிர்வீட்டு அம்மா அன்னைக்கே அழுதுகிட்டே ஒவ்வொண்ணா அலசி, மொட்டை மாடியில நிழல்ல உலர்த்தினாங்க. சாயம் போச்சு, ஆனா புடவை இன்னும் இருக்கு. மேடம் ஒண்ணும் சொல்லலை. நான் சொன்னதையே கொஞ்ச நேரம் அப்படியே விட்டுட்டாங்க.

செய்முறை இதுதான். ஒரு தடவைக்கு 90 நிமிஷம். கண்ணை மூடி, அந்த ராத்திரியை இப்போ நடக்கற மாதிரியே சொல்லணும். "தண்ணி வந்துச்சு" கூடாது, "தண்ணி வருது"ன்னு சொல்லணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பயம் எவ்வளவுன்னு 0ல இருந்து 100க்குள்ள ஒரு நம்பர் கேப்பாங்க. (இந்த நம்பர் வழக்கம் ஜோசப் வோல்ப்ங்கற தென்னாப்பிரிக்க மருத்துவர் கொண்டு வந்தது. அந்த ராத்திரியைச் சொல்ல வைக்கற முறையை வளர்த்தவங்க அமெரிக்காவுல எட்னா ஃபோவா.) முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. அதை என் போன்லயே பதிவு பண்ணி, வீட்டுல தினமும் ஒரு தடவை கேக்கணும். சமையல் பண்ணிக்கிட்டே கேக்கக் கூடாது, உக்காந்து கேக்கணும்.

முதல் நாள் 95. கொடுமையாத்தான் இருந்துச்சு, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். முதல் வாரம் கெட்ட கனவு கூடினது. அப்படி ஆகும்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க, அதனால ஓடலை. கோடம்பாக்கம் பாலத்தடிக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான். ஒவ்வொரு தடவையும் கடைசி இருபது நிமிஷம் கதை கிடையாது. என்ன தோணுதுன்னு பேசி, கால் தரையில படுதான்னு பாத்து, நம்பர் இறங்கினப்புறம்தான் எழ விடுவாங்க. ஆறாவது தடவை அதே பதிவைக் கேக்கறேன், 40தான். அதே சத்தம், அதே ஜல்லடை. நடுவுல எனக்குக் கொட்டாவி வந்துச்சு.

மாடிவீடு | 15 அக்டோபர், இரவு 11.20

நாளைக்கு ரெட் அலர்ட். ஸ்கூல் லீவு விட்டாச்சு. வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க, எல்லா குரூப்லயும் அந்தப் படம்தான். "இவ்ளோ பயமா"ன்னு சிலர் எழுதறாங்க. அது பயக்கோளாறு இல்லை. ஒருமுறை எஞ்சின் வரைக்கும் தண்ணி போன காரோட சொந்தக்காரர் செய்யற சரியான காரியம்.

இந்த இடம் எனக்கும் மேடத்துக்கும் நடுவுல பெரிய விவாதமே ஆச்சு. புஸ்தகத்துல இருக்கற சிகிச்சையில, "அது நடந்து முடிஞ்சது, இனி வராது"ன்னு உடம்புக்குக் கத்துக்கொடுக்கணும். நான் கேட்டேன்: "மேடம், சென்னையில அது பொய்யாச்சே? மறுபடி வருமே?" அவங்க யோசிச்சாங்க. அடுத்த தடவை வந்தப்போ ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போட்டாங்க. நான் மழைக்காலத்துல செய்யறதையெல்லாம் எழுதி, நிஜ வெள்ளம் வந்தா உதவறது ஒரு பக்கம், என் நெஞ்சை அடக்க மட்டும் உதவறது இன்னொரு பக்கம். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், மாத்திரை, டார்ச் எல்லாம் போட்ட பை முதல் பக்கம். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வாசல்கிட்ட இருக்கலாம். ஈரத்துணியும் குழவியும் ரெண்டாவது பக்கம். ராத்திரி நாலு தடவை தரையைத் தொடறதும் ரெண்டாவது பக்கம். ஏரி நீர்மட்டம் காலையில ஒரு தடவை பாக்கறது முதல் பக்கம், பதினஞ்சு தடவை பாக்கறது ரெண்டாவது.

ரெண்டாவது பக்கத்தை ஒவ்வொண்ணாக் கைவிடணும். சின்னதுல இருந்து பெருசுக்கு. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்துல நின்னு ஆத்தைப் பாக்கறது, பய நம்பர் 45. தூறல்ல குடையில்லாம நிக்கறது 50. பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணியைச் சாய்ச்சு, ஜல்லடையில இறங்கற சத்தத்தை விளக்கை அணைச்சுட்டுக் கேக்கறது 85. அந்தப் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்காரர் பாத்ரூம் வாசல்ல நின்னது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. பதினொரு நாள் சாய்ச்சார். ஒரு நாள் கூடப் போதும்னு சொல்லலை.

மாடிவீடு | 17 அக்டோபர், காலை 6.30

நேத்து பெருசா ஒண்ணும் பெய்யலை. தாழ்வு மண்டலம் வடக்க போயிடுச்சு. முடிச்சூர்ல எப்படி தம்பி?

மாடிவீடு | 20 அக்டோபர், இரவு 8.50

மூச்சுப் பயிற்சி பத்தித் தனிச்செய்தியில கேட்டவங்களுக்கு, நாலு எண்ணிக்கைக்கு இழுத்து ஆறு எண்ணிக்கைக்கு விடணும், எப்போ படபடப்பு வந்தாலும் செய்யணும்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அது முழுசா சரியில்லை, யோசிச்சுப் பாத்து மாத்திக்கறேன்.

தூக்கத்துக்கும் பொதுவான டென்ஷனுக்கும் அது நல்லது. ஆனா பக்கெட் பயிற்சியில நான் மூச்சை எண்ண ஆரம்பிச்சதும் மேடம் நிறுத்தச் சொன்னாங்க. "இப்போ உங்க துணியும் குழவியும் இந்த மூச்சுதான்." பயம் ஏறி, தானா இறங்கறதை உடம்பு பாக்கணும். நாம பிடிச்சு இறக்கினா அது கத்துக்காது. இன்னும் ஒரு படி மேல போய், ஒரு நிமிஷம் நின்ன இடத்துலயே ஓடச் சொல்லி, நெஞ்சு அடிக்கறப்போ "இதே அடிப்புதானே ராத்திரி வருது?"ன்னு கேட்டாங்க. அதேதான். 2017ல அந்த அடிப்புக்கு ஹார்ட் அட்டாக்னு ரெண்டு தடவை ஈசிஜி எடுத்து, வெறும் வாயுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. (இருதயக் கோளாறு இருக்கறவங்க, கர்ப்பிணிங்க இதைத் தானா செய்யாதீங்க.)

மாடிவீடு | 26 அக்டோபர், மாலை 5.10

உங்க மனைவிக்குத் தெரு டாக்டர் அல்பிரசோலம் எழுதியிருக்கார்னு போட்டிருந்தீங்க. அந்த வகை மாத்திரை அந்த ராத்திரிக்குத் தூங்க வைக்கும். மாசக்கணக்குல போட்டா பழக்கமாகும். இந்த மாதிரி அதிர்ச்சிக்குப் பின்னாடி வர்ற கோளாறுக்கு அது மருந்தாப் பரிந்துரைக்கப்படறதும் இல்லை. மருந்து தேவைப்பட்டா செர்ட்ராலின் மாதிரி வேற வகை இருக்கு, மனநல மருத்துவர்தான் முடிவு பண்ணணும். ஆனா தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு நாளைக்கே சட்டுனு நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். எழுதினவர்கிட்டயோ மனநல மருத்துவர்கிட்டயோ கேட்டுப் படிப்படியாக் குறைக்கணும்.

செலவு பத்தி: நான் ஒரு தடவைக்கு 1,200 கொடுத்தேன், பதினாலு தடவை. முடியாதவங்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு, 1794ல தொடங்கின அரசு ஆஸ்பத்திரி. பேரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீங்க, புறநோயாளியாப் போய்ட்டு வீட்டுக்கு வர்றவங்கதான் அங்க அதிகம். ராத்திரி தாங்க முடியலைன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

மாடிவீடு | 3 நவம்பர், இரவு 12.40

அக்டோபர் 12 எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஆறாவது தடவையே சரியாயிட்ட மாதிரி எழுதியிருக்கேன். அப்படி இல்லை. ஒண்ணை விட்டுட்டேன். அங்கயும் அப்படித்தான் விட்டுட்டு இருந்தேன்.

நம்பர் இறங்குது, கனவு மட்டும் நிக்கலை. ஏழாவது தடவை மேடம் பதிவை நிறுத்திட்டுச் சொன்னாங்க: "ஜல்லடையைப் பத்தி நாலு நிமிஷம் சொல்றீங்க. மாடிப்படி வந்ததும் 'அப்பாவை மேல தூக்கிட்டுப் போறோம்'னு ஒரே வரியில ஓடிடறீங்க. படியில என்ன இருக்கு?"

எங்கப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் வராது. ராத்திரி பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர், "தெருமுனையில தண்ணி நிக்குது, மாமாவைக் கூட்டிட்டு கே.கே.நகர் போயிடலாமா"ன்னார். நான்தான் "இப்பதான் கண்ணசந்தார், விடிஞ்சதும் பாத்துக்கலாம்"னேன். ஒன்றரை மணிக்குத் தண்ணி. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நாலு பேர் தூக்கினோம். படி திரும்பற இடத்துல சேர்க்கால் உடைஞ்சு, மார்பளவு தண்ணிக்குள்ள விழுந்துட்டார். எடுத்துட்டோம். எடுத்ததும் அவர் கேட்டது, "என் கண்ணாடி எங்கம்மா?" நான், "அப்புறம் எடுக்கலாம்பா, ஏறுங்க"ன்னு கத்தினேன். கண்ணாடி கிடைக்கலை. அதுக்கப்புறம் ஆறு வாரம் இருந்தார். தினம் காலையில பேப்பரை மடியில வெச்சுக்கிட்டு, படிக்க முடியாம, தடவிப் பாத்துட்டு மடிச்சு வெப்பார். பொங்கலுக்கு முன்னாடி நிமோனியாவுல போயிட்டார்.

மேடம் அந்தப் படியை மட்டும் மெதுவாச் சொல்லச் சொன்னாங்க. கை எங்க இருக்கு, அப்பா சட்டை என்ன நிறம், உடைஞ்ச சேர்க்கால் சத்தம். நாலு தடவை அதையே. அப்புறம் ஒரே கேள்வி: "ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்கு என்ன தெரியும்?" கரண்ட் இல்லை. டிவி இல்லை. போன் டவர் இல்லை. ஏரி திறந்ததை யாரும் எங்க தெருவுக்கு வந்து சொல்லலை. தூங்கற நோயாளியை மழையில, இருட்டுல, ரெண்டு கிலோமீட்டர் எப்படிக் கொண்டுபோறதுன்னு மட்டும் தெரியும். "அந்தத் தகவலை மட்டும் வெச்சு எடுத்த முடிவு அது. நீங்க தீர்ப்பு எழுதறது மறுநாள் பேப்பரை வெச்சு."

நான் அப்பாவைக் கொன்னுட்டேன்னு மூணு வருஷம் நினைச்சுட்டு இருந்தது மழைப் பயமா வெளிய வந்திருக்கு.

மாடிவீடு | 3 நவம்பர், காலை 9.00

கண்ணாடி விஷயத்தை ராத்திரி எழுதியிருக்க வேண்டாமோன்னு காலையில தோணினது. அழிக்கலை. அது குத்தவுணர்வு போனப்புறமும் துக்கமா இருக்கு, இருக்கட்டும்னு மேடம் சொன்னாங்க. சிகிச்சை துக்கத்தை எடுக்கறதுக்கு இல்லையாம்.

மாடிவீடு | 10 நவம்பர், காலை 7.15

கண்ணை இடம் வலம் ஆட்டி வைக்கற ஈஎம்டிஆர் ஏமாத்தான்னு ஒருத்தர் கேட்டார். ஏமாத்து இல்லை. ஃபிரான்சின் ஷப்பீரோ 1987ல தொடங்கினது. 2013ல உலக சுகாதார நிறுவனம் இந்தக் கோளாறுக்குப் பரிந்துரைச்ச ரெண்டு வகையில அதுவும் ஒண்ணு. கண்ணசைவு எந்த அளவுக்கு வேலை செய்யுதுங்கறதுல விவாதம் இருக்கே தவிர, பலன்ல இல்லை. நான் அதைப் பண்ணிக்கிட்டது இல்லை, அதனால மேல பேச மாட்டேன்.

மந்திரிக்கறது பத்தியும் கேட்டீங்க. எங்கம்மா என்னை "பயந்த கோளாறு"ன்னு மூணு வெள்ளிக்கிழமை வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மேடம்கிட்ட சொல்ல வெக்கப்பட்டேன். அவங்க, "அப்புறம் எத்தனை நாள் தூங்கினீங்க?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள்னேன். "சரி, உங்கம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களா?" ஆமான்னேன். அதை எழுதி வெச்சுக்கிட்டாங்க, துணை யாருங்கற பட்டியல்ல.

மாடிவீடு | 1 டிசம்பர், காலை 6.20

ஒன்பது வருஷம். நேத்து ஃபெஞ்சல் புயல், ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. பை வாசல்கிட்ட இருந்துச்சு. ராத்திரி ஒரு தடவை எழுந்தேன், பாத்ரூம் கதவுகிட்ட நின்னேன், நெஞ்சு அடிச்சது, ஒரு அம்பது இருக்கும். தரையைத் தொடலை. போய்ப் படுத்தேன். எப்போ தூங்கினேன்னு தெரியலை.

மாடிவீடு | 8 டிசம்பர், இரவு 9.40

தம்பி, உங்க மனைவி முதல் தடவை போய்ட்டு வந்துட்டாங்கன்னு படிச்சதும் சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு. வெள்ளம் பத்தி ஒண்ணுமே கேக்கலைன்னு நீங்க ஏமாற்றமா எழுதியிருக்கீங்க. இல்லை, அது நல்ல இடம்.

நீங்க என்ன செய்யணும்னு கேட்டீங்க. வெளிய பெஞ்சுல உக்காருங்க. வந்ததும் "உள்ள என்ன பேசினே"ன்னு கேக்காதீங்க, அது அவங்களுக்கும் அந்த மேடத்துக்கும் நடுவுல. சட்டப்படியும் ரகசியம்தான். டிபன் சாப்பிடலாமான்னு கேளுங்க. பதிவைக் கேக்கச் சொன்னா, அந்த முக்கால் மணி நேரம் குழந்தையை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரெண்டாவது மூணாவது வாரம் அழுகை கூடினா பயந்து நிறுத்திடாதீங்க, அந்த வாரமே அந்த மேடத்துக்குப் போன் போடுங்க. அப்புறம், வானிலை செய்தி வந்தா டிவியை அணைக்காதீங்க. அவங்க எழுந்து போகணும்னா போகட்டும். அணைக்கறது உங்க கையால வைக்கற ஈரத்துணி.